டாமினோவை முதலில் விடாதீர்கள்

கடல் மீன் தொட்டியில் முதலில் குடியேறும் மீன்தான் வீட்டுக்காரர். பின்னால் வருவதெல்லாம் வாடகைக்கு வந்தவை. இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் எனக்குப் பாதிச் செலவு மிச்சமாகியிருக்கும். சொல்ல வேண்டியவர் கடைக்காரர். அவர் சொன்னதோ நேர்மாறு: "புதுத் தொட்டிக்கு டாம்செல் விடுங்க சார். எதுக்கும் சாகாது, தண்ணியும் செட் ஆயிடும். அப்புறம் நல்ல மீனா விட்டுக்கலாம்."

எதற்கும் சாகாது என்பது நிஜம்தான். அவர் கொடுத்தது டாமினோ டாம்செல். கரிய வெல்வெட் உடம்பு, நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு, முதுகோரம் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. ஒரு அங்குலக் குஞ்சாகப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். அது 14 சென்டிமீட்டர் வரை வளரும், வளர வளரப் பொட்டு மங்கி முரட்டுத்தனம் ஏறும் என்பதையெல்லாம் எந்தக் கடையும் எழுதி வைப்பதில்லை.

என்னுடையது எல்லார் வீட்டிலும் இருக்கிற அதே 4 அடித் தொட்டி, சுமார் 250 லிட்டர். நடுக் கல்லின் பொந்தைத்தான் டாமினோ முதலில் பிடித்தது. அப்புறம் பாதித் தொட்டி, அப்புறம் முழுசும். அதற்குப் பிறகு ஒரு ஃபயர்ஃபிஷ் விட்டேன். முன்பாதி வெள்ளை, வாலருகே நெருப்புச் சிவப்பு, முதுகில் ஒற்றை நூல் போல நீண்ட துடுப்பு. யார் வம்புக்கும் போகாத மீன். டாமினோ உடனே கடிக்கவில்லை. துடுப்பெல்லாம் விரித்துப் பக்கவாட்டில் நின்று காட்டியது. பிறகு பாய்ந்தது. கண்ணாடியில் காதை வைத்தால் டக் டக் என்று சத்தம். டாம்செல்கள் சண்டையில் அப்படிச் சத்தம் எழுப்பும். காலையில் ஃபயர்ஃபிஷ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தரையில் காய்ந்து கிடந்தது.

மூடி போடவில்லையா என்று கேட்காதவர்கள் இல்லை. சென்னை வெயிலில் தொட்டியை மூடினால் சூடு வெளியேறாது. அதனால்தான் திறந்து வைத்தேன். ஆனால் துரத்த ஆள் இல்லாவிட்டாலும் ஃபயர்ஃபிஷ் மிரண்டு குதிக்கக்கூடிய மீன்தான். இப்போது கொசுவலை அடித்த சட்டம் போட்டிருக்கிறேன். காற்றும் போகும், மீனும் வெளியே விழாது.

பெரிய அடி அதற்கப்புறம்தான். ஆசைப்பட்டு ஒரு பவுடர் புளூ டேங் மீன் வாங்கினேன். டாமினோ அதன் வாலைக் கிழித்தது. பயந்த மீன் தீனி எடுக்காது. தீனி எடுக்காத மீனுக்கு எதிர்ப்புச் சக்தி போய்விடும். உடம்பெங்கும் உப்புத் தூவியது போல வெள்ளைப்புள்ளி. இறால், நத்தை இருக்கும் தொட்டியில் செம்பு மருந்து ஊற்ற முடியாது, அவை செத்துவிடும். டேங் போயிற்று. அதன் விலைக்கு ஒரு கூடை டாமினோ வாங்கியிருக்கலாம்.

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். "வயிறு நிறையப் போடுங்க மாமா, சண்டை நின்னுடும்" என்றான் மச்சினன். பசியில் வரும் சண்டைக்குத்தான் தீனி மருந்து. இடத்துக்கான சண்டைக்கு இல்லை. நைட்ரேட் ஏறியதுதான் மிச்சம். வெளிப்பக்கம் கண்ணாடி ஒட்டி, தன் பிம்பத்தோடு சண்டை போட வைக்கும் வித்தை புதிதாக வரும் டேங்குக்கு உதவும். என் டாமினோ அதை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

பலித்தவற்றைச் சொல்கிறேன். ஒன்று, கற்களைக் கலைத்து அடுக்குவது. பொந்து இடம் மாறினால் பழைய எல்லை அழிந்து, எல்லா மீனும் புதிதாக இடம் தேட வேண்டியிருக்கும். என்னுடையது செராமிக் கல் என்பதால் கலைப்பது சுலபம். இயற்கைப் பவளக் கல் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாங்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. இரண்டு, அடிபட்ட மீனையல்ல, அடிக்கிற மீனைச் சிறை வைப்பது. காய்கறி அலசும் பிளாஸ்டிக் கூடையைத் தொட்டிக்குள்ளேயே மிதக்க விட்டு, சில நாள் அதில் போடுங்கள். அதற்குள் மற்றவை இடம் பிடித்துக்கொள்ளும். மூன்று, புது மீனைத் துளையிட்ட அக்ரிலிக் பெட்டியில் வைத்து உள்ளே காட்டிப் பழக்கிய பின் திறப்பது, அதுவும் விளக்கணைத்த பிறகு.

என் டாமினோவுக்கு இவற்றில் எதுவும் நிரந்தரமாக வேலை செய்யவில்லை. பிடிப்பதுதான் தீர்வு. பகலில் வலையோடு துரத்தினால் தண்ணீர் கலங்கும், மற்ற மீன்கள் மிரளும், அது மட்டும் சிக்காது. ராத்திரி அது எந்தப் பொந்தில் தூங்குகிறது என்று டார்ச் அடித்துப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கல்லை அப்படியே தூக்கி வாளிக்குள் வையுங்கள், மீனும் கூடவே வந்துவிடும். டேங்கைப் பிடிப்பதானால் வலை வேண்டாம். வாலடியில் கத்தி மாதிரி முள் உண்டு. வலையில் மாட்டும், கையையும் அறுக்கும். டப்பாவால் முகருங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு: தண்ணீர் செட் ஆக மீன் தேவையே இல்லை. ஒரு துண்டு இறாலைப் போட்டு அழுக விட்டாலே பாக்டீரியா வளரும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டும் வரை பொறுங்கள். உப்பு நீரின் ஒப்படர்த்தி 1.025, சூடு 26 டிகிரி. ஸ்கிம்மர், சில்லர் பற்றியெல்லாம் எங்கும் தெரிந்துகொள்ளலாம். மீன் விடும் வரிசை பற்றித்தான் யாரும் சொல்வதில்லை. ஃபயர்ஃபிஷ், கோபி போன்ற சாதுக்கள் முதலில். பிறகு கோமாளி மீன் ஜோடி. கடைசியில் டேங், அதுவும் 4 அடியில் ஒன்றே ஒன்று, சின்ன வகையாக.

கோமாளியை ஒரே அளவில் இரண்டு பெரிதாக வாங்காதீர்கள். எல்லாம் ஆணாகத்தான் பிறக்கின்றன; ஜோடியில் பெரியது பெண்ணாக மாறும். இரண்டுமே ஏற்கெனவே பெண்ணாக இருந்தால் ஒன்று சாகும் வரை சண்டைதான். ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்று எடுங்கள். சிறியது பெரியதன் முன்னால் உடம்பை வெடவெடவென்று உதறினால் நோய் என்று மருந்து ஊற்றாதீர்கள். "நீயே பெரியவள்" என்று அடங்கிப் போகிறது, அவ்வளவுதான். மண்டபம் ஊரில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையமே கோமாளியைக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறது. பண்ணையில் பொரித்த மீன் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

டாமினோவைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கடைக்காரர் காசு தரவில்லை. வாங்கி, "புதுத் தொட்டிக்கு ஏற்றது" என்று எழுதியிருந்த அதே தொட்டியில் விட்டார். அடுத்து வாங்கப் போவது நீங்களாகக்கூட இருக்கலாம். எந்த மீனை நீட்டினாலும் அது முழுசாக வளர்ந்தால் எவ்வளவு நீளம், எதோடு சேராது என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பதில் தெரியாத கடையில் உப்பு வேண்டுமானால் வாங்குங்கள், மீன் வாங்காதீர்கள்.