மண்ணைக் கழுவும் கரைப்பான்கள்

ஆற்றுநீர் மாசடைந்தால் அதன் நிறம் மாறும். காற்று மாசடைந்தால் கண்கள் எரியும். மண் மாசடைந்தாலோ எளிதில் புலப்படுவதில்லை. மேலே புல் முளைத்திருக்கும்; கீழே நஞ்சு தங்கியிருக்கும்.

மத்தியப் பிரதேசத்தின் தலைநகரான போபாலில் 1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவில், பூச்சிக்கொல்லித் தொழிற்சாலை ஒன்றிலிருந்து நச்சுவாயு கசிந்தது. ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். வாயு காற்றோடு கலைந்து போயிற்று. ஆனால், தொழிற்சாலை இயங்கிய காலத்தில் கொட்டப்பட்ட கழிவுகள் மண்ணிலேயே தங்கிவிட்டன. அவற்றுள் குளோரின் கலந்த கரிமச் சேர்மங்களும் உண்டு. அவை மழைநீரோடு சிறிது சிறிதாகக் கீழிறங்கி, அருகிலுள்ள குடியிருப்புகளின் நிலத்தடி நீரையும் கெடுத்தன. வளாகத்தில் சேமித்து வைக்கப்பட்டிருந்த 337 டன் கழிவு, 2025ஆம் ஆண்டு பீதம்பூருக்குக் கொண்டு செல்லப்பட்டு எரிக்கப்பட்டது. ஆனால், அங்கு மாசடைந்த மண்ணின் அளவு ஏறத்தாழ 11 இலட்சம் டன் எனத் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் 2010இல் கணக்கிட்டிருந்தது. இவ்வளவு மண்ணையும் எரிக்க இயலுமா?

எரிப்பதற்கு மாற்றாக அறிவியலாளர் கண்ட வழிகளுள் ஒன்று, மண்ணைக் கழுவுதல். கழுவுவதற்கு நீர் போதாதா எனக் கேட்கலாம். கையில் ஒட்டிய எண்ணெய் வண்ணம் நீரால் போவதில்லை. மண்ணெண்ணெயால் துடைத்தால் போய்விடுகிறது. எண்ணெய்த் தன்மையுள்ள பொருள், அத்தன்மையுள்ள நீர்மத்திலேயே நன்கு கரையும். பூச்சிக்கொல்லி, தார், கழிவெண்ணெய் முதலியவற்றிலுள்ள கரிம மாசுகளும் அத்தகையனவே. அவை நீரில் கரையாமல் மண்துகள்களையும் மட்கையும் பற்றிக்கொண்டிருக்கும். எத்தனால், அசிட்டோன், ஹெக்சேன் போன்ற கரைப்பான்கள் அப்பிடியைத் தளர்த்தி, மாசுகளைத் தம்முள் கரைத்துக்கொள்ளும்.

இம்முறையில் முதலில் மண்ணைத் தோண்டியெடுத்துச் சலித்துக் கற்களை நீக்குவர். பின்னர், மூடிய கலனில் இட்டுக் கரைப்பானைச் சேர்த்துக் கலக்குவர். மாசுகள் கரைந்ததும் நீர்மத்தை வடித்தெடுப்பர். தேவைக்கேற்பப் பலமுறை இவ்வாறு செய்வர். வடித்த நீர்மத்தைச் சூடேற்றினால் கரைப்பான் ஆவியாகும். ஆவியைக் குளிர்வித்தால் மீண்டும் கரைப்பானாகும். அதனையே திரும்பப் பயன்படுத்துவர். அடியில் எஞ்சுவது செறிவான நச்சுப்பொருள். கரைப்பான் நஞ்சை அழிப்பதில்லை, பிரித்தெடுக்கவே செய்கிறது. எஞ்சிய நஞ்சைத் தனியே எரித்தோ வேறு வகையிலோ அழிக்க வேண்டும். ஆயினும், மலையளவு மண்ணை எரிப்பதைவிடச் சிறிதளவு நஞ்சை எரிப்பது எளிது.

மண்ணிலுள்ள ஈரம் இப்பணிக்கு இடையூறாகும். டிரைஎத்திலமீன் என்னும் கரைப்பான் குளிர்ந்த நிலையில் நீரோடு கலக்கும். சூடேற்றினால் நீரைவிட்டுப் பிரியும். இவ்வியல்பால் அது ஈரமண்ணைக் கழுவவும் பயன்படுகிறது.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. மணற்பாங்கான மண்ணை எளிதில் கழுவலாம். களிமண்ணைக் கழுவுவது கடினம். ஈயம், பாதரசம் போன்ற உலோகங்கள் பொதுவாக இவ்வாறு நீங்குவதில்லை. பல கரைப்பான்கள் எளிதில் தீப்பற்றுபவை. சில தாமே நஞ்சாகுபவை. எனவே, கழுவிய மண்ணைச் சூடேற்றி, எஞ்சிய கரைப்பானையும் நீக்கியாக வேண்டும். இல்லையேல், ஒரு நஞ்சை எடுத்து மற்றொன்றை வைத்ததாகும். கழுவிய மண்ணில் நுண்ணுயிர்களும் குறைந்துவிடும். மட்கும் உரமும் இட்டு அதற்கு மீண்டும் உயிரூட்ட வேண்டும்.

கொட்டுவதற்கு ஒரு நாள் போதும். மீட்பதற்கோ ஒரு தலைமுறையும் போதாது. வருமுன் காப்பதே மண்ணுக்கும் நலம்.

அருஞ்சொற்பொருள்
கரைப்பான் – பிற பொருளைத் தன்னுள் கரைக்கும் நீர்மம்
கரிமச் சேர்மம் – கார்பன் அடங்கிய சேர்மம்
மட்கு – இலை, தழை முதலியன மக்கி உண்டாகும் பொருள்
கலன் – பாத்திரம், கொள்கலம்

பயிற்சி
1. பிரித்து எழுதுக: மண்ணெண்ணெய், நச்சுப்பொருள், களிமண்.
2. கரிம மாசுகள் நீரால் நீங்காமைக்குக் காரணம் யாது?
3. ‘கரைப்பான் நஞ்சை அழிப்பதில்லை’ – விளக்குக.
4. கழுவிய மண்ணைச் சூடேற்றுவது ஏன்?
5. செயல்பாடு: எண்ணெய், தார், வண்ணம் ஆகியவற்றின் கறைகளை எவற்றால் போக்குவர் என வீட்டுப் பெரியோரிடம் கேட்டறிந்து ஐந்து தொடர்களில் எழுதுக.