பழைய கம்ப்யூட்டருக்குப் புது ஹார்டு டிஸ்க்

பில் போடும் கம்ப்யூட்டர் காலையில் தயாராகவே பத்து நிமிடம் ஆகிறது என்று வணிக அன்பர்கள் பலர் குறைப்படுகிறார்கள். பல கடைகளில் ஹார்டு டிஸ்க்கை மட்டும் மாற்றினாலே இக்குறை தீரும். பொருந்துவது எது என்று பார்த்து வாங்க வேண்டும்.

'எத்தனை ஜி.பி.?' என்று கேட்குமுன் பெட்டியைத் திறந்து கேபிளைப் பாருங்கள். இரண்டு அங்குல அகலத்தில் பட்டையாக இருந்தால் அது ஐ.டி.இ. வகை. 2003-க்குப் பின் பரவிய சாட்டா கேபிள் ஒரு விரல் அகலம்கூட இராது. ஐ.டி.இ. மட்டுமே உள்ள மெஷினுக்குச் செலவு செய்வது என் கருத்தில் வீண். அவற்றில் மிகப் பழையவை 137 ஜி.பி.க்கு மேல் அறியவே மாட்டா.

சாட்டா என்றால் இரண்டரை அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. வாங்கலாம். போர்டு பழையதானால் முழு வேகம் கிடைக்காது; ஆயினும் சுழலும் டிஸ்க்கை விட எவ்வளவோ மேல். மெல்லிய அட்டை போன்ற எம்.2 வகையை மலிவு என்று வாங்கிவிடாதீர்கள். பழைய போர்டில் அதைச் செருக இடமே இராது. லேப்டாப்பில் தடிமனையும் பார்க்க வேண்டும்: 9.5 மி.மீ. இடத்தில் 7 மி.மீ. டிஸ்க் அடங்கும், 7-இல் 9.5 அடங்காது.

மளிகைக் கடைக் கணக்குக்கு 256 ஜி.பி. தாராளம். 500 ஜி.பி. வாங்கினால் விண்டோஸ் 465 என்றே காட்டும். எடை குறைவு என்று சண்டைக்குப் போக வேண்டாம்! தயாரிப்பாளர் ஆயிரக் கணக்கில் அளக்கிறார், விண்டோஸ் 1024 கணக்கில் அளக்கிறது. படிதான் வேறு, சரக்கு ஒன்றே.

டிஸ்க் போனால் வேறு வாங்கலாம், கணக்கு போனால்? ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கலுக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளைக் காக்க வேண்டும். ஆகவே மெக்கானிக் கை வைக்குமுன் கணக்கு முழுவதையும் பென் டிரைவில் எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். சில பில் சாஃப்ட்வேர்களின் லைசென்ஸ் அந்த மெஷினோடு பிணைந்திருக்கும். விற்றவரிடம் முன்கூட்டியே கேட்பது நலம். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. டிஸ்க் மாற்றினால் அது திரும்பி வராது.

கழற்றிய டிஸ்க்கை உறையிலிட்டு, தேதி எழுதி, பெட்டகத்தில் வையுங்கள். வாடிக்கையாளர் கடன் கணக்கெல்லாம் அதில் இருக்கிறது. பழைய இரும்புக்காரரிடம் அப்படியே போடாதீர்கள்.