நெட் வரவில்லையா? கருப்புத் திரையில் எதைப் பார்ப்பது?

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் கட்டளையை அடித்தால் வரிகள் மளமளவென்று கொட்டும். எல்லாவற்றையும் படிக்க வேண்டாம்.

1. ‘மீடியா டிஸ்கனெக்டட்’ என்றிருக்கும் பகுதிகளைத் தாண்டிப் போங்கள். அவை நீங்கள் பயன்படுத்தாத இணைப்புகள். புதியவர்கள் இவற்றைப் பார்த்துத்தான் வீணாகப் பதறுகிறார்கள். வைஃபை பகுதியிலேயே அப்படி வந்தால் மட்டும் வைஃபையை மறுபடி இணையுங்கள்.

2. வைஃபை பகுதியில் ஐபிவி4 முகவரியைத் தேடுங்கள். வீடுகளில் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். 169.254 என்று தொடங்கினால் ரூட்டர் முகவரி தரவில்லை, கணினி தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். ரூட்டரை அணைத்து மறுபடி போடுங்கள்.

3. அதே திரையில் பிங் (ping) என்ற கட்டளையோடு ‘டீஃபால்ட் கேட்வே’ எண்ணை அடியுங்கள்; அந்த முகவரி பதில் தருகிறதா என்று அது காட்டும். அந்த எண்தான் உங்கள் ரூட்டர்; பதில் வந்தால் ரூட்டர் வரை சிக்கலில்லை.

4. அடுத்து 8.8.8.8-க்குப் பிங் கொடுங்கள். இது கூகுளின் முகவரி. ரூட்டர் பதில் தந்து இது தராவிட்டால், பெரும்பாலும் கோளாறு வெளி இணைப்பில். இணையச் சேவை நிறுவனத்தை அழையுங்கள். இதுவும் பதில் தந்து எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால், தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் அமைப்பை முதலில் சரிபாருங்கள்.

5. உதவி கேட்கும்போது திரையைப் படமெடுத்து அனுப்புங்கள். வாய்மொழியாகச் சொன்னால் எண்கள் மாறிவிடும்.