சர்க்கரையைப் பங்கிடும் கொடி: ஐதராபாத் திராட்சை தரும் பாடம்

ஓராண்டில் கொத்துக் கொத்தாய்க் காய்த்த திராட்சைக் கொடி, மறு ஆண்டில் ஏமாற்றிவிடுவதுண்டு. கடன் பெற்றுப் பந்தலிட்ட உழவருக்கு இது பேரிழப்பாகும். கொடி தன் சர்க்கரையை எவ்வாறு பங்கிடுகிறது என்பதை அறிந்தால், இவ்விழப்பைப் பெரிதும் தவிர்க்கலாம்.

ஐதராபாத்தில் 1890ஆம் ஆண்டளவில் அறிமுகமான ‘அனாப்-இ-ஷாஹி’ மிகுதியாகக் காய்க்கும் வகை. இன்று சந்தையில் மகாராஷ்டிரத்தின் விதையில்லா வகைகள் முன்னிற்பினும், இப்பாடத்திற்கு அது நல்ல சான்றாகும்.

சர்க்கரையின் வழி

முதிர்ந்த இலைகள் ஒளிச்சேர்க்கையால் ஆக்கும் சர்க்கரை, பெரும்பாலும் சுக்ரோஸாகப் பட்டையின் உட்புறக் குழல்கள் வழியே செல்கிறது. சர்க்கரை மிகுந்த இடத்தில் நீர் புகுந்து அழுத்தம் உயர்கிறது. அது செலவாகும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. இவ்வேறுபாடே ஓட்டத்தை நடத்துகிறது என்று ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் மூன்ச் 1930இல் விளக்கினார். இளந்தளிர், வேர், தண்டு, கனி ஆகிய அனைத்தும் இச்சர்க்கரைக்குப் போட்டியிடுகின்றன. கனி மென்மையடையத் தொடங்கியதும் அதன் ஈர்ப்பு வலுக்கிறது. வந்து சேரும் சுக்ரோஸ் அங்கு குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிகிறது.

இரு கவாத்துகள்

தக்காணத்தில் ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்வர். ஏப்ரல் கவாத்துக்குப் பின் வளரும் கிளைகளின் மொட்டுகளுக்குள்ளேயே அடுத்த விளைச்சலுக்கான பூங்கொத்துகள் கருக்கொள்கின்றன. தண்டிலும் வேரிலும் மாவுச்சத்து சேமிக்கப்படுகிறது. அக்டோபர் கவாத்துக்குப் பின் தோன்றும் தளிர்கள், தம் இலைகள் முதிரும்வரை இச்சேமிப்பையே உண்டு வளர்கின்றன. பின்னரே கனிகளுக்கு உணவூட்டுகின்றன.

அளவுக்கு மீறிக் கொத்துகளை விட்டுவைத்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் பங்கு குறைகிறது, இனிப்பு குன்றுகிறது, சேமிப்பும் கரைகிறது. மறு ஆண்டின் ஏமாற்றத்திற்கு இதுவே முக்கிய காரணம். எனவே மிகையான கொத்துகளைத் தொடக்கத்திலேயே நீக்குதல் நன்று.

பட்டையை வளையமாக நீக்கும் முறையில், கீழிறங்கும் சர்க்கரை தடுக்கப்பட்டுக் கனிகள் பருக்கின்றன. ஆயினும் காயம் ஆறும்வரை வேர்கள் பட்டினி கிடக்கும். நலிந்த கொடிகளுக்கு இம்முறை ஆகாது.

அலுவலர் கடமை

ஓராண்டு மகசூலை மட்டும் கொண்டு தோட்டத்தை மதிப்பிடுவது முறையன்று. கொத்துகளின் எண்ணிக்கையோடு இலைகளின் நலத்தையும் கிளைகளின் முதிர்ச்சியையும் கண்டறிந்து உழவருக்கு எடுத்துரைக்க வேண்டும். இன்று கொடியில் விட்டுவைக்கும் சேமிப்பே நாளைய விளைச்சலின் முதலீடாகும்.