ஒழுகலும் துருவும்

மழைக் காலத்தில் பழைய அம்பாஸடர் காரில் போயிருக்கிறீர்களா? முன் கண்ணாடியின் மூலையிலிருந்து ஒரு துளி விழும். சற்று நேரம் கழித்து இன்னொரு துளி. முன் இருக்கையில் உட்கார்ந்திருப்பவரின் முழங்கால் நனையும். ஓட்டுநர் ஒரு பழந்துணியை அந்த மூலையில் செருகி வைத்துவிட்டு, "பழைய வண்டி அல்லவா, அப்படித்தான் இருக்கும்" என்பார்.

அந்தத் துளியைப் பெரிதாக எண்ண வேண்டாம் என்றுதான் நமக்கும் தோன்றும். ஆனால் முழங்காலில் விழும் துளியால் கேடு ஒன்றுமில்லை. கண்ணில் படாமல் தகட்டின் வழியே கீழே இறங்கிப் போகிறதே, அந்தத் துளிதான் காரைத் தின்கிறது. எப்படி? விடை காண உங்கள் பாடப் புத்தகத்தில் உள்ள கொஞ்சம் இயற்பியலும் கொஞ்சம் வேதியியலும் போதும்.

கண்ணாடியைத் தாங்குவது எது?

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் மூன்றாம் வரிசையைப் பின்பற்றி உருவானது அம்பாஸடர். மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 1950-களின் இறுதியில் தொடங்கிய அதன் உற்பத்தி 2014-இல் நின்றது. ஆகவே கடைசியாக வெளிவந்த வண்டிக்கும் இப்போது பத்து வயதுக்கு மேல் ஆகிவிட்டது.

இந்தக் காரின் முன் கண்ணாடி எஃகுத் தகட்டைத் தொடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே 'பீடிங்' என்று மெக்கானிக்குகள் சொல்லும் ரப்பர்ப் பட்டை ஒன்று சுற்றிலும் ஓடுகிறது. அதைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் இரு பக்கமும் ஒவ்வொரு பள்ளம் தெரியும். ஒரு பள்ளத்தில் கண்ணாடியின் விளிம்பு. மறு பள்ளத்தில் கார் உடலின் தகட்டு விளிம்பு. நீர் உள்ளே வராமல் காப்பது ரப்பரின் மீள்தன்மை. அது இரு விளிம்புகளையும் இறுகப் பற்றிக் கொள்கிறது.

இன்றைய கார்களில் கண்ணாடியைப் பாலியூரித்தேன் பசை கொண்டு தகட்டோடு ஒட்டிவிடுகிறார்கள். பழைய கார்களில் எல்லாமே ரப்பரின் பொறுப்பு.

ரப்பரோ முதுமை அடையும் பொருள். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களும், காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் அதன் நீண்ட மூலக்கூறுகளைத் தாக்குகின்றன. நாளடைவில் ரப்பர் கெட்டிப்பட்டு, சுருங்கி, மூலைகளில் வெடிக்கிறது. பழைய ரப்பர் வளையம் ஒன்றை இழுத்துப் பாருங்கள், நீளாமல் அறுந்துவிடும். அதே கதிதான் பீடிங்குக்கும். அதன் பிடி தளர்ந்ததும் ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு மயிரிழை இடுக்கு உண்டாகிறது.

இடுக்கு நீரை இழுக்கும்

இவ்வளவு சிறிய இடுக்கில் எவ்வளவு நீர் நுழைந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். ஒரு சோதனை செய்து பாருங்கள்.

ஒரே அளவுள்ள இரண்டு சிறிய கண்ணாடித் தகடுகளை எடுத்துக்கொண்டு நன்றாகக் கழுவுங்கள். அவற்றைச் சேர்த்து வைத்து, ஒரு பக்க விளிம்பில் மட்டும் நடுவே ஒரு தீக்குச்சியை நெடுக்காகச் செருகி, ரப்பர் வளையத்தால் கட்டுங்கள். சாயம் கலந்த நீர் உள்ள தட்டில் செங்குத்தாக நிறுத்துங்கள். தீக்குச்சி உள்ள பக்கம் நீர் சிறிதளவே ஏறும். தகடுகள் நெருங்கியுள்ள பக்கம் உயரமாக ஏறி, அழகிய வளைகோடு ஒன்றை வரைந்து காட்டும்.

இதுவே நுண்புழை ஏற்றம். பரப்பு இழுவிசை இதைச் செய்கிறது. இடுக்கு எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம் நீர் ஏறும். சுத்தமான கண்ணாடித் தகடுகளுக்கிடையே 1 மில்லி மீட்டர் இடைவெளி இருந்தால் நீர் சுமார் 1½ சென்டிமீட்டர் ஏறும். இடைவெளி 0.1 மில்லி மீட்டர் என்றால் சுமார் 15 சென்டிமீட்டர்! ரப்பரும் பெயின்ட்டும் கண்ணாடி அளவுக்கு நீரோடு ஒட்டுவதில்லை என்பதால் பீடிங்கில் ஏற்றம் இதைவிடக் குறைவாக இருக்கும். ஆனாலும் இடுக்கில் புகுந்த நீர் எளிதில் வெளியே வராது. மழை நின்று, கார் மேலெல்லாம் காய்ந்த பிறகும் பீடிங்கின் அடியில் ஈரம் நிற்கும்.

இப்படி இடுக்கு நீரை வாங்கி வைத்துக் கொள்கிறது. அதை உள்ளே தள்ளுவது காற்று. மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் கார் ஓடும்போது எதிர்க்காற்று தரும் அழுத்தம், அதிக அளவாக, 17 மில்லி மீட்டர் உயரமுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமம். வேகம் 80 ஆனால் இது 30 மில்லி மீட்டராகிறது. வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. நிறுத்தி வைத்தபோது ஒழுகாத கார் நெடுஞ்சாலையில் ஒழுகுவதன் காரணம் இதுதான்.

துளி விழும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு

ஒழுகும் காரைப் பார்த்ததும் பலரும் செய்யும் வேலை, துளி விழும் இடத்துக்கு நேர் மேலே ஏதேனும் பசையை அப்புவது. பெரும்பாலும் இதனால் பயன் இராது. கண்ணாடியின் மேல் மூலையில் நுழைந்த நீர், தகட்டின் உட்புறமாகவே வழிந்து வந்து, வளைவோ திருகாணியோ குறுக்கிட்ட இடத்தில்தான் சொட்டும். சில சமயம் கண்ணாடிக்கும் ஒழுகலுக்கும் தொடர்பே இருக்காது. வைப்பர் தண்டு வெளியே வரும் துளையோ, கதவின் ரப்பரோ குற்றவாளியாக இருக்கலாம்.

உண்மையான வழியைக் கண்டறிய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டார்ச் விளக்குடன் காருக்குள் உட்கார வேண்டும். மற்றவர் வெளியே நின்று, குழாயிலிருந்து மெல்லிய தாரையாக நீர் விட வேண்டும். எங்கே தொடங்குவது? கீழிருந்துதான்! முதலில் கண்ணாடியின் கீழ் விளிம்பில் இரண்டு மூன்று நிமிடம். உள்ளே ஈரம் இல்லையென்றால் பக்க விளிம்பு. அதன் பிறகே மேல் விளிம்பு. மேலிருந்து தொடங்கினால் நீர் வழிந்து எல்லா விளிம்பையும் நனைத்துவிடும். எது குற்றவாளி என்று பிரித்தறிய முடியாது. டாஷ்போர்டுக்கு அடியில் எண் எழுதிய செய்தித்தாள் துண்டுகளை வரிசையாக ஒட்டி வைத்தால், முதலில் நனைந்த துண்டு எது என்பது தெளிவாகத் தெரியும்.

ஒரே ஒரு நிபந்தனையை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாற்றாமல் வைத்துச் சோதிப்பது. ஆய்வுக்கூடத்தில் நீங்கள் பின்பற்றும் முறையே இது.

துரு: தகட்டுக்குள் ஒரு மின்கலம்

இனி, உள்ளே வந்த நீர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும் என்று படித்திருக்கிறீர்கள். அப்படியானால் ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும் இடத்தில்தானே இரும்பு அதிகம் அரிக்கப்பட வேண்டும்? நடப்பது இதற்கு நேர்மாறு!

1920-களில் கேம்பிரிட்ஜில் யூ. ஆர். எவன்ஸ் என்ற அறிவியலாளர் எளிய சோதனை ஒன்றால் இதை விளக்கினார். உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில், ஆசிரியரின் முன்னிலையில், நீங்களும் செய்யலாம். 100 மில்லி லிட்டர் நீரில் 3 கிராம் சமையல் உப்பைக் கரையுங்கள். அதில் சிறிதளவு ஃபினால்ஃப்தலீனும் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் சேருங்கள் (இந்தக் கரைசலில் எந்த அமிலமும் படக் கூடாது). உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்த இரும்புத் தகட்டின்மேல் இக்கரைசலில் ஒரு பெரிய துளியை வையுங்கள்.

சில நிமிடங்களில் துளியின் நடுவே நீல நிறமும் விளிம்பைச் சுற்றி இளஞ்சிவப்பு வளையமும் தோன்றும். நீலம், இரும்பு அயனிகள் கரைந்து வருவதைக் காட்டுகிறது. இளஞ்சிவப்பு, ஹைடிராக்சில் அயனிகள் உண்டாவதைக் காட்டுகிறது. துளியின் விளிம்பில் நீர்ப்படலம் மெல்லியது. காற்றிலிருந்து ஆக்சிஜன் எளிதாக வந்து சேர்கிறது. நடுவில் நீர் ஆழம், ஆக்சிஜன் குறைவு. எனவே நடுவில் இரும்பு, எலெக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாகிக் கரைகிறது. அந்த எலெக்ட்ரான்கள் தகட்டின் வழியே விளிம்புக்கு ஓடி, அங்கே ஆக்சிஜனையும் நீரையும் ஹைடிராக்சில் அயனிகளாக மாற்றுகின்றன. இரண்டு வகை அயனிகளும் சந்திக்கும் இடத்தில் பழுப்பு நிறத் துரு படிகிறது.

ஆம், ஒரே துளிக்கடியில் ஒரு முழு மின்கலம்! உப்பு அதன் மின்கடத்தும் திறனைக் கூட்டுகிறது. கடற்கரை ஊர்களில் கார்கள் சீக்கிரம் துருப்பிடிப்பதற்கு இதுவே காரணம்.

இப்போது பீடிங்குக்குத் திரும்புங்கள். ரப்பருக்கடியில் நீர் இருக்கிறது, ஆக்சிஜன் குறைவு. வெளி விளிம்பில் ஆக்சிஜன் ஏராளம். எவன்ஸின் துளியில் கண்ட அதே நிலைமை. துரு வெளியே தெரிய, தகடு உள்ளே கரைகிறது. பெயின்ட்டில் ஒரு சிறு கொப்புளம் தோன்றும்போது உள்ளே சேதம் அதைவிடப் பெரிதாக இருக்கும் என்று டிங்கர்கள் சொல்வது இதனால்தான்.

இன்னொரு கேடும் உண்டு. துரு, தான் உருவான இரும்பைவிட இரு மடங்குக்கும் மேலான இடத்தை அடைக்கும். பீடிங்கின் அடியில் வளரும் துரு ரப்பரை மேலே நெம்புகிறது. இடுக்கு அகலமாகிறது. மேலும் நீர், மேலும் துரு. ஒழுகல் துருவை வளர்க்க, துரு ஒழுகலை வளர்க்கிறது.

மிதியடிக்குக் கீழே

வழிந்த நீர் கடைசியில் தங்கும் இடம், கால் வைக்கும் தளம். அங்கே ரப்பர் மிதியடியும் அதன்கீழ் கம்பளமும் இருக்கும். கம்பளம் நீரைக் குடித்து வைத்துக் கொள்ளும். மிதியடி அதை உலர விடாது. மேலே எல்லாம் காய்ந்திருக்க, அடியில் வாரக்கணக்கில் ஈரம்.

லாரியில் தனியாக ஒரு சட்டம் இருக்கும். உடல் அதன்மேல் பொருத்தப்படும். அம்பாஸடரில் அவ்வாறு இல்லை. தளம், கதவடி விளிம்பு, முன் தூண்கள், கூரை எல்லாம் சேர்ந்த ஒரே கூடுதான் பாரத்தைத் தாங்குகிறது. ஆகவே தளம் துருப்பிடிப்பது அழகு குறைவதோடு நிற்பதில்லை. இருக்கை பிடித்திருக்கும் இடமும், ஜாக்கி வைக்கும் இடமும் வலுவிழக்கின்றன. விபத்து நேர்ந்தால் உள்ளே இருப்பவர்களைக் காக்க வேண்டிய கூடு அது.

மழை பெய்த மறுநாள் மிதியடியைத் தூக்கி, கம்பளத்தின்மேல் செய்தித்தாளை வைத்து அழுத்திப் பாருங்கள். தாள் நனைந்தால் ஒழுகல் இருக்கிறது. தளத்தைத் திருப்புளியின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த தகடு மந்தமாக ஒலிக்கும்.

எதை முதலில் செய்வது?

முதலில் ஒழுகலை நிறுத்த வேண்டும்; பிறகே துருவைத் தொட வேண்டும் என்பது பொது விதி. ஆனால் கண்ணாடி விளிம்பில் இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதால் ஒரே மூச்சில் செய்ய வேண்டும்.

1. கண்ணாடியை அனுபவமுள்ள மெக்கானிக் கழற்ற வேண்டும். பழைய பீடிங்கை மீண்டும் பயன்படுத்தக் கூடாது.

2. கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் துருவை, பளிச்சென்ற உலோகம் தெரியும்வரை நீக்க வேண்டும். முகத்தில் கவசமும் கண்ணாடியும் தேவை. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும்.

3. நுண்குழிகளில் எஞ்சிய துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த திரவம் பூசுவார்கள். அது துருவை, நீரில் கரையாத இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். 1600 ஆண்டுகளாக நிற்கும் டெல்லி இரும்புத் தூணைக் காப்பதும், அதன் இரும்பில் மிகுதியாக உள்ள பாஸ்பரஸால் உண்டான மெல்லிய பாஸ்பேட் படலமே என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் ஆராய்ந்து காட்டினார். ஆனால் தடித்துச் செதில் செதிலாக உள்ள துருவில் இந்தத் திரவம் ஊடுருவாது. சுரண்டும் வேலையிலிருந்து விடுதலை இல்லை.

4. ஓட்டை விழுந்திருந்தால், அரித்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதிய தகட்டைப் பற்றவைக்க வேண்டும். துருவின்மேல் பட்டி வைத்துப் பூசி மறைப்பது மலிவு. ஆனால் பட்டி ஈரத்தை உறிஞ்சித் தகட்டோடு சேர்த்து வைக்கும். மறு மழைக்காலத்தில் கொப்புளம் திரும்பி வரும், முன்னைவிடப் பெரிதாக.

5. பிறகு பிரைமர், அதன்மேல் பெயின்ட். நன்றாகக் காய்ந்த பின் புதிய பீடிங்கும் கண்ணாடியும். பீடிங்கின் பள்ளத்தில் இறுகிப் போகாத வகைப் பசையை நிரப்ப வேண்டும். கடையில் கிடைக்கும் சில சிலிக்கோன் பசைகளில் வினிகர் நெடி அடிக்கும். அது அசெட்டிக் அமிலத்தின் நெடி. வெறும் எஃகில் பட்டால் அந்த அமிலமே துருவுக்கு விதை போடும்.

6. கடைசியாக மிதியடி, கம்பளம் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வெயிலில் நன்றாக உலர்த்திய பிறகே திரும்பப் போட வேண்டும். பின்னர் குழாய் நீரால் மீண்டும் ஒருமுறை சோதிக்க வேண்டும், கீழிருந்து மேலாக.

இவ்வளவும் செய்யப் பணம் இல்லாதவர் என்ன செய்வது? மழைக்குப் பின் மிதியடியைத் தூக்கி வைத்து, கதவுகளைத் திறந்து, தளத்தை உலர விடலாம். செலவே இல்லாத இந்த ஒரு பழக்கம், நீர் என்ற ஒரு பொருளை அகற்றி மின்கலத்தையே நிறுத்திவிடுகிறது.

சிந்தித்து விடை கூறுங்கள்

1. காரின் முன் மூடியும் மழையில் நனைகிறது. மிதியடிக்குக் கீழுள்ள தளமும் நனைகிறது. தளம் முதலில் துருப்பிடிப்பது ஏன்?

2. துத்தநாகம் பூசிய இரும்பு வாளியில் கீறல் விழுந்தாலும் அந்த இடத்தில் இரும்பு உடனே துருப்பிடிப்பதில்லை. எலெக்ட்ரான்களை விட்டுக் கொடுப்பது இங்கே யார்?

3. மணிக்கு 40 கிலோ மீட்டர் வேகத்தில் ஓடும் காரின் கண்ணாடிமேல் எதிர்க்காற்றின் அழுத்தம் எத்தனை மில்லி மீட்டர் நீருக்குச் சமம்? (60-க்கு உரிய அளவைக் கொண்டு கணக்கிடுங்கள்.)