மறைக்காமல் சொன்னவள்

வேத பகுதி: மாற்கு 5:25-34



பெரும்பாடுள்ள ஸ்திரீ 12 வருஷம் வருத்தப்பட்டவள். கையிலிருந்ததையெல்லாம் வைத்தியத்துக்குச் செலவழித்தவள். கூட்டத்துக்குள் ஒளிந்து வந்துதான் ஆண்டவருடைய வஸ்திரத்தைத் தொட்டாள். ஆனால் அவர் கேட்டபோது, நடுங்கிக்கொண்டே முன்னால் வந்து ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அவர் அவளைச் சமாதானத்தோடு அனுப்பியது அதற்குப் பிறகே.

நம் மருத்துவமனையில் ஒரு தாயாரின் படுக்கையருகே இப்பகுதியை வாசித்து ஜெபித்தோம். மாதவிடாய் நின்று பல வருஷங்களான பின் அவருக்கு மறுபடியும் உதிரம் பட்டது. எட்டு மாதமாய் மகளிடம்கூடச் சொல்லவில்லை. "இந்த வயசுல இத எப்படி ஐயா வாய்விட்டுச் சொல்றது?" என்றார்.

சொல்லத்தான் வேண்டும். மாதவிடாய் நின்றபின் ஒரு துளி பட்டாலும் பரிசோதிக்க வேண்டும். பலருக்குச் சாதாரணக் காரணமே இருக்கும். சிலருக்கோ அது கர்ப்பப்பையின் உட்சவ்வில் உண்டாகும் புற்றுநோயின் முதல் அடையாளம். பேப் ஸ்மியர் பரிசோதனை நன்றாயிருந்தாலும் இந்நோய் இல்லையென்று தீர்மானிக்க முடியாது. ஸ்கேனில் உட்சவ்வு 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தாலோ, உதிரம் திரும்பத் திரும்பப் பட்டாலோ, சிறிது சதை எடுத்து பயாப்ஸி செய்வார்கள்.

இந்தத் தாயாருக்கு நோய் கர்ப்பப்பையோடு நிற்காமல், கர்ப்பப்பை வாயின் உள்திசு வரை இறங்கியிருந்தது. இதை இரண்டாம் நிலை என்பார்கள். மேலிருந்து இறங்கிய நோயா, வாயிலே தொடங்கி மேலே ஏறிய நோயா என்று முதலில் அறிய வேண்டும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. ஆகவே பயாப்ஸியும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் தெளிவாகுமட்டும் நம் மருத்துவர்கள் கத்தியை எடுக்கவில்லை.

பின்பு கர்ப்பப்பை, அதன் வாய், சினைக்குழாய்கள், சினைப்பைகள் எல்லாவற்றையும் அகற்றினார்கள். இடுப்பிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் எடுத்துச் சோதித்தார்கள். வாயில் நோய் வெளிப்படையாய்த் தெரிந்தபடியால் சுற்றியுள்ள திசுக்களையும் சேர்த்து எடுக்க நேர்ந்தது. 1898-ல் வியன்னாவில் மருத்துவர் வெர்தைம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் செய்யத் தொடங்கிய முறையின் வழியில் வந்தது இது. சிறுநீர்க்குழாய்கள் அவ்விடத்தின் ஊடே செல்வதால் மிகுந்த பொறுமை வேண்டும்.

அதன்பின் 'கரண்டு வைத்தல்' என்று நம் ஜனங்கள் சொல்லும் கதிர்வீச்சு, ஏறக்குறைய 5 வாரம். தூரக் கிராமத்திலிருந்து வந்த அவரும் மகளும் அத்தனை நாளும் தங்கவும் சாப்பிடவும் உங்கள் காணிக்கைகளே உதவின.

நோய் இனி வராது என்று நாம் சொல்லவில்லை. தவறாமல் பரிசோதனைக்கு வருகிறார். சென்றமுறை அவர் தனியாக வரவில்லை. தன்னைப்போலவே மறைத்துவைத்திருந்த அண்டைவீட்டு அம்மாளையும் கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தார்.

பிரியமானவர்களே, உங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் இதை வெட்கப்படாமல் பேசுங்கள். கொடுக்கிற கைகளோடு, பேசுகிற வாய்களும் இந்த ஊழியத்துக்குத் தேவை. இவ்விருவருக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.