பிளஸ் டூவில் முதலிடம், கல்லூரியில் அரியர்!

தமிழ் வழியில் படித்து பிளஸ் டூவில் பள்ளி முதலிடம் பெற்றேன். பொறியியல் முதல் செமஸ்டரில் கணிதம் அரியர். எனக்குப் படிப்பு வராதோ? – மாணவி, அரியலூர்

நன்றாகவே வரும், அம்மா. பள்ளியில் ஒரே புத்தகத்தை ஆண்டு முழுக்க நடத்தி, காலாண்டு, அரையாண்டு, ரிவிஷன் என்று ஆசிரியர்களே உங்களை விரட்டினார்கள். கல்லூரியில் ஐந்து யூனிட்டும் சில மாதங்களில் ஓடிவிடும், விரட்ட ஆளில்லை. அன்று நடத்திய கணக்கை அன்றிரவே போட்டுப் பாருங்கள். பழைய வினாத்தாள்களை சீனியர்களிடம் கேட்டு வாங்குங்கள். ஆங்கிலம்தான் தடையென்றால், வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் தமிழிலேயே சந்தேகம் கேளுங்கள், கூச்சமே வேண்டாம். தமிழில் கணக்கு புரிந்த உங்களுக்கு ஆங்கிலத்திலும் புரியும். அரியரை அடுத்த செமஸ்டரிலேயே எழுதி முடிக்கலாம். வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தால் தேர்வு எழுதுவதே சிக்கலாகிவிடும்.